பிறர் நெறி அறியாமல் முதுகலையா?

(சந்திரகிரியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

சமயத்தையும் இறையியலையும் முதுகலைப் பட்டத்துக்குரிய பாடமாகப் படிப்பது பற்றிப் பேசும்படி கேட்டிருந்தீர்கள். இப்படி ஒரு படிப்பு உண்டா, அதைப் படித்து என்ன ஆகப் போகிறது, கோயிலிலும் மடத்திலும் தேவாலயத்திலும் பள்ளிவாசலிலும் கற்க வேண்டியதைப் பல்கலைக்கழகத்தில் போய் எதற்காகக் கற்க வேண்டும் என்று வீட்டிலும் வெளியிலும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விகள்தாம். அவற்றுக்கு வருமுன் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமயவியலில் முதுகலைப் பட்டம் பெறுகிறவருக்கு ஒரு தகுதி கட்டாயம் இருக்க வேண்டும்: தம்முடையதல்லாத ஒரு சமயத்தை, அந்தச் சமயத்தார் கேட்டு 'ஆம், நாங்கள் சொல்வது இதுதான்' என்று ஒப்புக்கொள்ளும்படி எடுத்துரைக்கத் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தகுதியை உண்டாக்காத படிப்பு, எத்தனை நூல்களைக் கரைத்துக் குடிக்க வைத்தாலும், முதுகலை என்ற பெயருக்கு உரியதாகாது. இந்த அளவுகோலை நான் மேல்நாட்டிலிருந்து கடன் வாங்கவில்லை. நம் மண்ணில், அதுவும் இந்தச் சந்திரகிரியைச் சுற்றிய வட்டாரத்தில், அறிஞர்கள் தங்களுக்கே வகுத்துக்கொண்ட அளவுகோல் இது.

மணிமேகலைக் காப்பியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 27ஆம் காதைக்குச் 'சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை' என்று பெயர். வஞ்சி நகரில் மணிமேகலை ஆண் தவசியின் வடிவம் கொண்டு சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் சென்று, அவரவர் கொள்கை என்னவென்று கேட்கிறாள். வைதிகர், சைவர், வைணவர், ஆசீவகர், நிகண்டர், சாங்கியர், வைசேடிகர், பூதவாதி என்று வரிசையாகக் கேட்டு முடித்த பிறகுதான் காஞ்சிக்குப் போய் அறவண அடிகளிடம் பௌத்தம் பயில்கிறாள். பௌத்தக் காப்பியத்தில் அவள் எங்கே போய்ச் சேருவாள் என்பது முன்பே தெரிந்ததுதான். இருந்தும், பிறர் சொல்வதைக் கேளாமல் தன் நெறியை ஏற்பது குறை என்று காப்பியத்தின் ஆசிரியர் சாத்தனார் கருதியிருக்கிறார். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் இயற்றியபோது, சைவ சித்தாந்தத்தை விளக்கும் சுபக்கத்துக்கு முன்னால் பரபக்கம் என்று ஒரு தனிப் பகுதியே வைத்தார். உலகாயதர் முதல் பாஞ்சராத்திரிகள் வரை 14 தரப்பினர் அதில் வருகிறார்கள். ஒவ்வொரு தரப்பையும் முதலில் எடுத்துச் சொல்லிவிட்டு, அதன் பிறகே மறுக்கிறார். இந்த ஒழுங்கினால் விளைந்த நன்மை ஒன்றைக் கேளுங்கள். ஆசீவகர்கள் எழுதிய நூல்களில் ஒன்றுகூட நம் கைக்கு வந்து சேரவில்லை; அந்தச் சமயமே மறைந்துவிட்டது. 1951இல் ஏ. எல். பாஷம் ஆசீவகத்தின் வரலாற்றையும் கொள்கைகளையும் பற்றித் தம் நூலை வெளியிட்டபோது, தென்னாட்டு ஆசீவகத்துக்கு அவர் பெரிதும் நம்பியிருந்த சான்றுகள் மணிமேகலை, நீலகேசி, சிவஞான சித்தியார் ஆகிய மூன்று தமிழ் நூல்கள். முதலாவது பௌத்த நூல், இரண்டாவது சமண நூல், மூன்றாவது சைவ நூல். மூன்றுமே ஆசீவகத்தை மறுக்க வந்தவை. மறுக்கும் முன் எடுத்துச் சொல்ல வேண்டும் என்ற கடமையை அவர்கள் ஏற்றுக்கொண்டதால், அழிந்துபோன ஒரு சமயத்தின் குரல் எதிரிகளின் ஏட்டில் பிழைத்திருக்கிறது.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். 14ஆம் நூற்றாண்டில் விஜயநகர அரசின் நிழலில் மாதவர் எழுதிய 'சர்வதரிசன சங்கிரகம்' கடவுளை மறுக்கும் சார்வாகத்தில் தொடங்கி 16 தரிசனங்களைத் தொகுத்துச் சொல்கிறது. அந்தப் பேரரசு 1565இல் தலைக்கோட்டைப் போரில் நிலைகுலைந்தது. தலைநகரம் பெனுகொண்டாவுக்குப் போய், இரண்டாம் வேங்கடபதி தேவராயர் காலத்தில், 1592 வாக்கில், இந்தச் சந்திரகிரிக்கு வந்தது. வேங்கடபதி அழுத்தமான வைணவர். தாத்தாசாரியார் அவருக்கு ராஜகுரு. அவர் வெளியிட்ட பொற்காசில் திருவேங்கடமுடையானின் உருவமும் திருநாமமும் உண்டு. இதே காலத்தில், இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத வேலூரில், சின்ன பொம்ம நாயக்கரின் ஆதரவில் இருந்தவர் அப்பய்ய தீட்சிதர். அடையபலத்துக் காளகண்டேசுவரர் கோயிலில் 1582ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று அவர் புகழைப் பேசுகிறது. நாயக்கர் அவருக்குக் கனகாபிஷேகம் செய்ததையும், அவருடைய உரையை 500 பேர் பயில வகை செய்யப்பட்டதையும் அது குறிப்பிடுகிறது. தீட்சிதர் சிவபக்தர்; சைவத்துக்காக வைணவ ஆசாரியர்களோடு வாதில் இறங்கியவர். ஆனால் அதே கையால், அத்வைதம், விசிஷ்டாத்வைதம், சைவ வேதாந்தம், துவைதம் ஆகிய நான்கின் நிலைப்பாட்டிலிருந்தும் பிரம்ம சூத்திரத்துக்குப் பொருள் சொல்லும் நூல் வரிசையை எழுதினார். ஒவ்வொன்றையும் அந்தந்த நெறியார் சொல்வதுபோலவே எழுதினார். வைணவப் பேராசிரியரான வேதாந்த தேசிகரின் 'யாதவாப்யுதயம்' என்னும் காவியத்துக்கும் அவர் உரை கண்டார். தம் கொள்கையில் ஓர் அடியும் விட்டுக்கொடுக்காத ஒருவர் பிறர் கொள்கைக்கும் நூல் எழுத முடிந்திருக்கிறது. அந்த உறுதியும் அந்தப் பயிற்சியும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருந்தன என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகும் ஓர் ஆட்சேபத்துக்கு இதுவே பாதி விடை.

இங்கே கூர்மையான ஒருவர் குறுக்கிடலாம். 'மறுக்கும் முன் எதிர்த்தரப்பை எடுத்துச் சொல்லும் பூர்வபட்சம் என்பதே எதிரியை வீழ்த்துவதற்குச் செய்யும் ஏற்பாடுதானே? வீழ்த்துவதற்காக ஒருவனை நிறுத்தி வைப்பதை எப்படிப் புரிந்துகொள்ளுதல் என்று சொல்வீர்கள்?' இதில் உண்மை இருக்கிறது. பல நூல்களில் எதிர்த்தரப்பு வசதிக்கேற்பக் குறுக்கப்பட்டிருக்கிறது, கேலியும் கலந்திருக்கிறது. அந்தப் பழைய முறையில் இருந்த பெரிய குறை, எடுத்துச் சொல்லப்பட்டவருக்குத் திருத்தும் உரிமை இல்லாததுதான். ஆசீவகர் எழுந்து 'நீங்கள் சொல்வது தவறு' என்று சித்தியாருக்குள் வந்து பேச முடியாது. இன்றைய கல்வி நிறைவு செய்ய வேண்டிய இடம் இது. அந்தத் திசையில் நம் கடற்கரையிலேயே ஒரு முன்முயற்சி நடந்தது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு மதம் பரப்ப வந்தவர், அதில் ஐயமில்லை. ஆனால் அவர் தமிழைக் கற்றார், தமிழ்ச் சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். அதோடு நிற்காமல், கேள்விகளை எழுதித் தமிழர்களுக்கு அனுப்பி, அவர்கள் தங்கள் கைப்படத் தந்த விடைகளை 1712 முதல் திரட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிய பெரு நூலை 1713இல் எழுதி முடித்தார். அதை ஜெர்மனியின் ஹாலே நகரில் இருந்த அவருடைய மேலோர் அச்சிட மறுத்துவிட்டார்கள். பொய்த் தெய்வங்களை ஒழிக்கப் போனவர் அவற்றைப் பற்றி ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர்கள் வாதம். 1867இல்தான் சென்னையில் அது அச்சேறியது. ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஒரு நூல் முடங்கிக் கிடந்ததற்குக் காரணம், எழுதியவர் எதிர்த்தரப்பை அளவுக்கு மீறிச் சரியாகச் சொல்லிவிட்டார் என்ற அச்சம்தான். சொல்லப்படுகிறவரையே சொல்ல வைத்து, அவர் திருத்தத்தை ஏற்கும் வழியைச் சீகன்பால்கு தொட்டுவிட்டார். அந்த வழியை ஒழுங்குபடுத்தி நிலைநிறுத்தும் இடமாக முதுகலை வகுப்பறை அமைய வேண்டும்.

இந்த மாவட்டத்து மண்ணோடு தொடர்புடைய ஒரு முதுகலை ஆய்வேட்டையே இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்ல முடியும். 1888இல் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1896 முதல் 1900 வரை திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளியில் படித்தார். பிறகு வேலூரில் ஊரிஸ் கல்லூரி, அதன் பின் சென்னை கிறித்தவக் கல்லூரி. அந்த நாளில் பாதிரிமார் இந்து சமயத்தின் மேல் வைத்த பெரிய குற்றச்சாட்டு, உலகமே மாயை என்று சொல்லும் வேதாந்தத்தில் அறத்துக்கு இடம் ஏது என்பது. இளைஞரான ராதாகிருஷ்ணன் அதைக் கேட்டு மனம் புண்பட்டார். ஆனால் கோபத்தோடு நின்றுவிடவில்லை. வேதாந்தத்தின் அறநெறியும் அதன் மெய்ப்பொருள் அடிப்படையும் என்ற பொருளில் தம் முதுகலை ஆய்வேட்டை எழுதினார்; 1908இல் அது நூலாக வந்தது. அதைப் படித்துப் பாராட்டியவர் ஏ. ஜி. ஹாக் என்னும் ஸ்காட்லாந்து மிஷனரிப் பேராசிரியர். குற்றச்சாட்டை வைத்த தரப்பைச் சேர்ந்த ஓர் ஆசிரியர், பதில் சொன்ன மாணவரின் வாதத் திறனுக்கு மதிப்பெண் தருகிறார். அந்த மாணவர் எதிர்த்தரப்பின் மெய்யியலை அவர்கள் கல்லூரியிலேயே, அவர்கள் மொழியிலேயே கற்றிருந்தபடியால்தான் அவர் சொன்ன பதில் அவர்கள் செவியில் ஏறியது. அதே ராதாகிருஷ்ணன் 1936இல் ஆக்ஸ்ஃபோர்டில் கீழைச் சமயங்களுக்கும் அறநெறிக்குமான ஸ்பால்டிங் பேராசிரியரானார். திருப்பதிப் பள்ளியில் எழுந்த கேள்வி ஆக்ஸ்ஃபோர்டு வரை போனதற்கு நடுவில் நின்றது ஒரு முதுகலைப் படிப்பு.

அப்படியானால் நம் பல்கலைக்கழகங்களில் இந்தப் படிப்பு ஏன் ஓரத்தில் கிடக்கிறது? காரணம் பழையது. 1854ஆம் ஆண்டின் உட்ஸ் கல்வி அறிக்கை, பட்டத் தேர்வுகளில் சமய நம்பிக்கை சார்ந்த பாடங்கள் இடம்பெறக் கூடாது என்று வகுத்தது. 1857இல் கல்கத்தாவிலும் பம்பாயிலும் சென்னையிலும் தொடங்கிய பல்கலைக்கழகங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு அந்த வழியிலேயே நடந்தன. ஒரே ஆட்சியின் கீழ் பல சமயத்தார் வாழும் நாட்டில் அன்று அது விவேகமாகவே பட்டிருக்கும். ஆனால் விளைவு என்ன? சமயம் பற்றிய உயர்கல்வி அவரவர் வளாகத்துக்குள் ஒதுங்கிக்கொண்டது. கிறித்தவர்களுக்கு 1818இல் தொடங்கி 1827இல் டென்மார்க் அரசரின் பட்டயம் பெற்ற செராம்பூர் இருக்கிறது. இறையியல் இளநிலையும் முதுநிலையும் அதன் பேராயத்தின் வழியே இன்றும் வழங்கப்படுகின்றன. மதுரை அரசரடியில் 1969இல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரி தமிழிலேயே இறையியல் சொல்லித்தருகிறது. அங்கே ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையையும் பறையையும் ஆராதனைக்குள் கொண்டுவந்து, ஒடுக்கப்பட்டோரின் இறையியலுக்குத் தமிழ் உருவம் கொடுத்தார். திருப்பதியில் 1961இல் தொடங்கிய சமஸ்கிருத வித்யாபீடம் 1987இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி, 2020இல் மத்தியப் பல்கலைக்கழகமாக உயர்ந்திருக்கிறது. விசிஷ்டாத்வைதத்திலும் ஆகமத்திலும் அங்கே பெறும் ஆசார்ய பட்டம் முதுகலைக்கு நிகர். 2006இல் வந்த வேதப் பல்கலைக்கழகமும் இங்கேயே உண்டு. இவை ஒவ்வொன்றும் தன் வேலையைச் செய்கிறது. நான் எதையும் குறை சொல்லவில்லை. தன் நெறியை உள்ளிருந்து கற்பது எந்தச் சமயக் கல்விக்கும் அடித்தளம். அந்த அடித்தளத்தின் மேல் எழுப்ப வேண்டிய அடுத்த தளத்தைப் பற்றித்தான் பேசுகிறேன்.

இனி ஆட்சேபங்களைப் பார்ப்போம். முதலாவது சட்டம். நம் அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு, முழுக்க முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமய போதனை கூடாது என்கிறது. அப்படியிருக்க அரசுப் பல்கலைக்கழகத்தில் சமயவியல் துறை எப்படி என்று கேட்கிறார்கள். உச்ச நீதிமன்றம் 1971இல் டி.ஏ.வி. கல்லூரி வழக்கில், குருநானக்கின் வாழ்வையும் போதனைகளையும் பல்கலைக்கழகம் ஆய்வுப் பொருளாக்குவது சமய போதனை ஆகாது என்று தெளிவுபடுத்தியது. 2002இல் அருணா ராய் வழக்கிலும், சமயங்களைப் பற்றிய கல்விக்கு 28ஆவது பிரிவு தடையாகாது என்றே தீர்ப்பு வந்தது. கோத்தாரி கல்விக் குழுவும் 1966ஆம் ஆண்டு அறிக்கையில், ஒரு சமயத்தைப் போதிப்பது வேறு, சமயங்களைப் பற்றிக் கற்பிப்பது வேறு என்று கோடு கிழித்துக் காட்டி, பின்னதை வரவேற்றது. பாட்டியாலாவில் உள்ள பஞ்சாபிப் பல்கலைக்கழகம் 1967இலேயே சமயவியலுக்குத் தனித் துறை கண்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் வைணவத்துக்கும் சைவ சித்தாந்தத்துக்கும் சமணவியலுக்கும் கிறித்தவ இயலுக்கும் துறைகள் இருக்கின்றன. ஆகவே, சட்டம் தடுக்கிறது என்பது சாக்கு. சொல்லப்போனால் நான் முன்வைக்கும் அளவுகோலே இந்தச் சட்டத்துக்கு மிகவும் இணக்கமானது. மாணவர் எந்தச் சமயத்தை நம்ப வேண்டும் என்று அது கேட்பதில்லை. தாம் நம்பாத ஒன்றையும் நேர்மையாகச் சொல்லத் தெரிகிறதா என்றே கேட்கிறது.

இரண்டாவது ஆட்சேபம் பக்தர்களிடமிருந்து வருகிறது. அதை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆராயப் புகுந்தால் நம்பிக்கை போய்விடும் என்கிறார்கள். திருமலைக் கோயிலின் ஒரே ஒரு கல்வெட்டை எடுத்து இதைச் சோதித்துப் பார்ப்போம். 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கருதப்படும் தமிழ்க் கல்வெட்டு அது. காடவன் பெருந்தேவி என்னும் சாமவை என்ற பல்லவ குலப் பெண்மணி, மூலவரைப் போலவே வெள்ளியில் ஒரு திருமேனி செய்வித்து, மணவாளப் பெருமாள் என்று பெயரிட்டு, அணிகலன்கள் சாத்தி, திருமஞ்சனத்துக்கும் அமுதுபடிக்கும் புரட்டாசித் திருவிழாவுக்கும் நிலம் எழுதிவைத்த செய்தி அதில் இருக்கிறது. இதைப் படிக்க எத்தனை அறிவு வேண்டும் என்று பாருங்கள். எழுத்தைப் படிக்கப் பழந்தமிழும் கல்வெட்டியலும் வேண்டும். மூலவர் இருக்கத் தனியே ஒரு வெள்ளித் திருமேனி எதற்கு என்று அறிய வைகானச ஆகமம் வேண்டும். தம் பெயரில் இத்தனை கொடையைப் பதியவைக்கும் உரிமை ஒரு பெண்ணுக்கு எப்படி இருந்தது என்று கேட்கச் சமூக வரலாறு வேண்டும். நிலத்தின் விளைச்சல் வழிபாட்டுக்கு வந்து சேர்ந்த முறையை அறியப் பொருளாதாரம் வேண்டும். இத்தனையும் கற்ற பிறகு பக்தி குறைந்துவிடுமா? அந்த வெள்ளித் திருமேனியே போக ஸ்ரீநிவாசமூர்த்தி. இரவில் ஏகாந்த சேவை இன்றும் அவருக்குத்தான் நடக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் சாமவை கொடுத்தது என்று தெரிந்து சேவிப்பவரின் பக்தி, தெரியாமல் சேவிப்பவரின் பக்தியைவிட எந்த விதத்திலும் தாழ்ந்தது ஆகாது. திருமலை திருப்பதிக் கல்வெட்டுகளைப் படித்து 1930களில் தொகுதிகளாகக் கொண்டுவந்த பெரும்பணி சாது சுப்பிரமணிய சாஸ்திரியின் பெயரோடு சேர்ந்தது, வெளியிட்டது தேவஸ்தானமே. அந்த வெளியீட்டால் யாருடைய பக்தியும் தேயவில்லை. இந்தச் சந்திரகிரியிலும் ஒரு சான்று உண்டு. 1598இல் சாந்தோமிலிருந்து இயேசு சபைப் பாதிரிமார் வேங்கடபதியின் அவைக்கு வந்தார்கள்; தேவாலயம் கட்டிக்கொள்ள அரசர் இசைவு தந்தார். ஏறத்தாழ 330 ஆண்டுகள் கழித்து, 1927இல், வேங்கடபதியின் ஆரவீட்டு அரச வம்சத்தின் வரலாற்றை விரிவாக எழுதியவர் ஹென்றி ஹீராஸ், அதே இயேசு சபையின் பாதிரியார். ஒரு வைணவ அரசரின் சமயப் பற்றைப் பற்றி ஆதாரத்தோடு எழுதியதால் அவர் தம் துறவை இழந்துவிடவில்லை.

மூன்றாவது ஆட்சேபம் பகுத்தறிவாளர்களுடையது. அதனோடு பெற்றோரின் கவலையும் சேர்ந்துகொள்கிறது. மூடநம்பிக்கையைப் படிக்கப் பொதுப்பணம் எதற்கு, படித்தவருக்கு வேலை எங்கே என்பது அது. அரசும் நீதிமன்றமும் நாள்தோறும் சமயத்தைப் பற்றி முடிவெடுத்துக்கொண்டிருக்கின்றன என்பதை இவர்கள் கவனிக்க வேண்டும். 1954இல் சிரூர் மடத்து வழக்கில், ஒரு சமயத்துக்கு இன்றியமையாதது எது என்பதை அந்தச் சமயத்தின் கோட்பாடுகளைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அன்றிலிருந்து எத்தனையோ வழக்குகளில் நீதிபதிகள் இந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டியிருக்கிறது. 1972இல் சேஷம்மாள் வழக்கில் அர்ச்சகர் நியமனத்தைப் பற்றி ஆராய்ந்தபோது ஆகமங்கள் சொல்வதையே எடுத்து வைத்துப் பேச வேண்டியதாயிற்று. கோயில் நிலமும் நகையும் விழாவும் அறநிலையத் துறையின் கையில் இருக்கின்றன. இவர்கள் அனைவருக்கும் விவரம் எடுத்துத் தருகிறவர் யார்? வழக்கில் ஒரு பக்கம் நிற்பவர்தான் நிபுணரும் என்றால் நீதி எப்படிக் கிடைக்கும்? இரு தரப்பும் ஒப்பும்படி எடுத்துரைக்கப் பயின்றவர்கள் நாட்டுக்குத் தேவை. வழக்கறிஞர்களுக்கும் இதழாளர்களுக்கும் அருங்காட்சியகப் பணியாளர்களுக்கும் சுவடி நூலகத்தாருக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் இந்தப் பயிற்சி நேரடியாகப் பயன்படும். இந்தப் பட்டம் பெற்றவருக்கு மென்பொருள் நிறுவனத்துச் சம்பளம் கிடைக்கும் என்று நான் வாக்குத் தர மாட்டேன். தமிழ், வரலாறு, தத்துவம் படிப்பவர்கள் ஏற்கும் அதே நிச்சயமின்மையை இவரும் ஏற்க வேண்டியிருக்கும். பகுத்தறிவாளருக்கும் ஒன்று சொல்வேன்: சமயத்தை விமரிசிக்க நினைப்பவர் அதை நன்றாகக் கற்றிருக்க வேண்டும். அம்பேத்கர் பல ஆண்டுகள் சமயங்களைப் பயின்று ஒப்பிட்ட பிறகே 1956இல் பௌத்தம் ஏற்றார். அயோத்திதாசப் பண்டிதர் பழைய தமிழ் நூல்களைத் தோண்டித்தான் தம் வாதத்தை எழுப்பினார்.

சாதியால் ஒதுக்கப்பட்டோருக்காக எழுதிய அயோத்திதாசரின் பெயரைச் சொன்னதும் இன்னொரு செய்தி நினைவுக்கு வர வேண்டும். சந்திரகிரி அவையிலும் வேலூர் அவையிலும் வாதிட்டவர்களின் அறிவை எவ்வளவு போற்றினாலும், அந்த அவையில் உட்கார முடிந்தவர்கள் மிகச் சிலரே என்பதை மறைக்கக் கூடாது. பிறப்பும் பாலினமும் அங்கே வாசலை அடைத்து நின்றன. கோயிலுக்குத் திருமேனி கொடுத்த சாமவைக்கு அந்தத் திருமேனியைப் பற்றிய சாத்திரத்தை விவாதிக்கும் அவை திறந்திருந்ததா? பல்கலைக்கழகம் இந்த இடத்தில்தான் மடத்தையும் பாடசாலையையும் விட மேலான பணியைச் செய்ய முடியும். சேரும் மாணவரின் சாதியையோ சமயத்தையோ பார்த்து இன்ன நூலை நீ தொடக் கூடாது என்று அது சொல்லாது. ஒரு முஸ்லிம் மாணவி ராமாநுஜரின் ஸ்ரீபாஷ்யத்தையும், ஒரு வைணவ மாணவர் கடப்பை அமீன் பீர் தர்காவின் மரபையும், ஒரு தலித் மாணவர் ஆகமத்தையும் ஆய்வுப் பொருளாக எடுக்க முடிந்தால், அப்போதுதான் அப்பய்ய தீட்சிதரின் பயிற்சி அனைவருக்கும் உரியதாகும். இங்கே வேலைக்குப் பஞ்சமில்லை. உகாதி நாளில் தேவுனி கடப்பையில் உள்ள வேங்கடேசுவரர் கோயிலுக்கு முஸ்லிம் குடும்பங்கள் வந்து வழிபடுகின்றன. வேங்கடேசுவரரின் தேவியாகப் போற்றப்படும் பீபி நாஞ்சாரியைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகக் கருதுகிறார்கள். இந்த உறவை வெறும் செய்திப் படமாகக் காட்டுவதோடு விட்டுவிடலாமா? இரு தரப்பாரும் அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு, எழுதி, அவர்களிடமே வாசித்துக் காட்டித் திருத்திக்கொள்ள வேண்டாமா?

ஆகவே என் பரிந்துரை இது. இரண்டாண்டு முதுகலையில் முதலாண்டு மாணவர் தம் விருப்பமான ஒரு நெறியை மூலமொழியில் ஆழமாகக் கற்கட்டும். தமிழோ தெலுங்கோ சமஸ்கிருதமோ அரபியோ கிரேக்கமோ, ஒரு மூலமொழியாவது தெரியாமல் பட்டம் தரக் கூடாது. இரண்டாமாண்டு தம்முடையதல்லாத ஒரு நெறியை எடுத்துக்கொள்ளட்டும். அதை விருப்பப் பாடமாக விடாமல் கட்டாயமாக்க வேண்டும். ஆய்வேடு அந்த இரண்டாவது நெறியைப் பற்றியதாக இருக்கட்டும். அதை மதிப்பிடும் குழுவில் அந்த நெறியைச் சேர்ந்த அறிஞர் ஒருவர் கட்டாயம் இடம்பெறட்டும். அவர் கேட்கும் முதல் கேள்வி, 'நாங்கள் சொல்வதை இவர் சரியாகச் சொல்லியிருக்கிறாரா?' என்பதாக இருக்கட்டும். மறுப்பதற்கும் பாராட்டுவதற்கும் மாணவருக்கு முழு உரிமை உண்டு. அது அதன் பின்னர். இதற்கு வேண்டிய பொருள் இந்த நாற்பது ஐம்பது கிலோமீட்டர் வட்டத்துக்குள் கொட்டிக்கிடக்கிறது. திருமலையில் பெரும்பாலும் தமிழில் அமைந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள்; கண்ணப்பர் கதையோடு பிணைந்த காளத்தி; ஏட்டுச் சுவடிகளைக் காக்கும், 1939இல் தேவஸ்தானம் தொடங்கிய கீழ்த்திசை ஆய்வு நிறுவனம்; இரு சமயத்தார் சந்தித்த இந்தக் கோட்டை. அதோடு தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் பேசப்படுவதால் இரண்டையும் வைத்து ஆராயும் வசதியும் இங்கேயுள்ள மாணவர்களுக்கு இயல்பாகவே வாய்த்திருக்கிறது.

பல்கலைக்கழகங்களை நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது, புதிய கட்டடமோ பெரிய நிதியோ அல்ல. இருக்கும் துறைகளுக்கு நடுவே உள்ள கதவுகளைத் திறந்துவிடுங்கள்; வித்யாபீடத்து மாணவரும் இறையியல் கல்லூரி மாணவரும் மதரசாவில் பயின்றவரும் ஒரு பருவமாவது ஒரே வகுப்பில் அமர வழி செய்யுங்கள். பெற்றோர்களிடம் கேட்பது, பிள்ளை பிற சமயத்து நூலை எடுத்துப் படித்தால் பதறாதீர்கள். மாணவ நண்பர்களே, உங்களிடம் கேட்பது இதுதான்: உங்கள் நெறியில் உறுதியாக நில்லுங்கள், அல்லது எந்த நெறியும் வேண்டாம் என்பதில் உறுதியாக நில்லுங்கள். ஆனால் அடுத்தவர் நெறியைப் பற்றி வாய் திறக்கும்முன், அவர் ஒப்பும்படி அதைச் சொல்லப் பழகுங்கள். அதற்கு இரண்டாண்டுகள் செலவிடத் துணிகிறவர்களுக்கு இந்த முதுகலை காத்திருக்கிறது. வந்து சேருங்கள்.